டை கழன்ற டர்பன்: சௌகரிய உடை ஜெயித்த கதை

2020 மே 12ஆம் தேதி தென்னாப்பிரிக்க அரசிதழில் விசித்திரமான ஒரு பட்டியல் வெளியானது. கொரோனா ஊரடங்கு நான்காம் நிலையில் இருந்த நேரம். துணிக்கடைகள் எதையெல்லாம் விற்கலாம் என்று அதில் வரிசையாகச் சொல்லியிருந்தார்கள். அரைக்கை பனியன் சட்டை விற்கலாம், ஆனால் ஸ்வெட்டருக்கு உள்ளே போட்டுக்கொள்வது என்று கடையில் காட்சிக்கு வைத்திருக்க வேண்டும். முக்கால் கால்சட்டை விற்கலாம், பூட்ஸோடும் லெக்கிங்ஸோடும் சேர்த்து அணிவதாக இருந்தால். ஷூ என்றால் கால்விரல் மூடியிருக்க வேண்டும்.

எங்கள் கடற்கரை நகரமான டர்பனில் இதைப் படித்தவர்கள் சிரித்துவிட்டார்கள். இங்கே ஜூலை மாதக் குளிர்காலத்திலும் பகல் வெப்பம் 22, 23 டிகிரி இருக்கும். ஸ்லாப்ஸ் என்று நாங்கள் சொல்லும் ரப்பர் செருப்பில்தான் பாதி ஊர் நடக்கிறது. டர்பனின் இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வொர்த்தில் ரொட்டி வாங்க மூலைக்கடைக்குப் போகிறவர் பூட்ஸ் மாட்டிக்கொண்டா போவார்?

பட்டியலை வெளியிட்ட அன்றைய அமைச்சர் எப்ராஹிம் படேல் துணி தெரியாதவர் இல்லை. அரசியலுக்கு வருமுன் பல வருடம் ஆடைத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச் செயலாளராக இருந்தவர். குளிர்காலம் வருகிறது, அவசியமான உடைகளை மட்டும் அனுமதிப்போம் என்பது அரசின் கணக்கு. ஆனால் வீட்டுக்குள் அடைபட்டிருந்த மக்கள் தேடியது டிராக் பேண்ட், டி-ஷர்ட், மெத்தென்ற செருப்பு. ஜூன் 1 அன்று கொஞ்சம் தளர்ந்த மூன்றாம் நிலை வந்ததும் இந்தக் கட்டுப்பாடு போய்விட்டது, கிண்டல் மட்டும் தங்கிவிட்டது.

சௌகரியமான அன்றாட உடை ஏன் இவ்வளவு பெரிய ஃபேஷன் ஆனது என்று எழுதுகிறவர்கள் வழக்கமாக இந்த ஊரடங்கிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். வீட்டிலிருந்து வேலை, ஜூம் கூட்டம், இடுப்புக்கு மேலே சட்டை, கீழே பைஜாமா. சரி, அது உண்மைதான். ஆனால் பாதிதான் உண்மை. தென்னாப்பிரிக்காவில், அதிலும் கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம் ஆட்களிடம், உடை என்பது நூறு வருடத்துக்கும் மேலாக ஒரு பரீட்சையாக இருந்திருக்கிறது. பார்க்கிறவர் மார்க் போடுவார். அந்தப் பரீட்சைக்குப் போகாமலே இருக்கும் உரிமை யாருக்குக் கிடைத்தது, எப்போது கிடைத்தது என்று பார்த்தால்தான் இந்த டிரெண்ட் புரியும்.

நாறிய சாக்ஸும் தோல் செருப்பும்

1897 ஜனவரியில் காந்தி தன் குடும்பத்தோடு டர்பனில் கரையிறங்கினார். நாகரிகமானவர்களாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கஸ்தூர்பாவுக்குப் பார்சி முறைப் புடவை, பையன்களுக்குப் பார்சி கோட்டும் கால்சட்டையும், எல்லோருக்கும் ஷூவும் சாக்ஸும் என்று அவரே ஏற்பாடு செய்திருந்தார். ஷூ விரல்களை நெருக்கியது, சாக்ஸ் வியர்வையில் நாறியது என்று பின்னாளில் ஒளிக்காமல் எழுதியும் வைத்தார். அதற்கு நான்கு வருடம் முன்பு, 1893இல், இதே ஊர் நீதிமன்றத்தில் தலைப்பாகையைக் கழற்று என்று சொல்லப்பட்டு, கழற்ற மறுத்து வெளியே நடந்தவரும் அவர்தான். ஆக, உடைக்கு மார்க் போடுகிறார்கள் என்பது அவருக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

1913 கடைசியில் அவர் என்ன செய்தார் என்பதுதான் சுவாரசியம். நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் ஆரம்பித்த இந்தியத் தொழிலாளர் வேலைநிறுத்தம் டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணம் முழுக்கப் பரவி, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்திருந்தார்கள். டிசம்பரில் சிறையிலிருந்து வந்த காந்தி டர்பன் கூட்டத்துக்கு வெறுங்காலோடு, ஒப்பந்தக் கூலிகள் உடுத்துவது போன்ற லுங்கியும் குர்த்தாவுமாக வந்து நின்றார். அந்த வேலைநிறுத்தக்காரர்களில் ஏராளமானோர் தமிழர்கள். கோட்டு போட்ட பாரிஸ்டர், தமிழ்க் கூலியின் உடைக்கு மாறிய இடம் டர்பன் என்பதை நம் ஊர்க்காரர்கள் ஏன் இன்னும் சத்தமாகச் சொல்லிக்கொள்வதில்லை என்று எனக்குத் தெரியவில்லை.

செருப்புக் கதை இன்னும் ருசியானது. டர்பனை அடுத்த பைன்டவுனுக்குப் பக்கத்தில் மரியன்ஹில் என்று, டிராப்பிஸ்ட் எனும் கத்தோலிக்கத் துறவிகள் நிறுவிய ஒரு மடம் இருக்கிறது. காந்தியின் நண்பர் ஹெர்மன் காலன்பாக் அங்கே போய்த் தோல் செருப்பு தைக்கக் கற்றுக்கொண்டு வந்தார். 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் அந்த வேலை மற்றவர்களுக்கும் பரவியது. காந்தியும் தைத்தார். 1914இல் நாட்டை விட்டுக் கிளம்பும்போது, தன்னைச் சிறையில் வைத்த ஜெனரல் ஸ்மட்ஸுக்கே ஒரு ஜோடி கொடுத்தார். ஸ்மட்ஸ் பல கோடைகாலம் அதைப் போட்டு நடந்துவிட்டு, 1939இல் காந்தியின் எழுபதாவது பிறந்தநாளுக்குத் திருப்பி அனுப்பினார். எதிரியையும் சௌகரியம் விடவில்லை!

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லண்டனில் படித்த வக்கீல் கோட்டைக் கழற்றினால் அது ஓர் அறிவிப்பு. ஒப்பந்தக் கூலியின் பேரன் கோட்டில்லாமல் வந்தால் அவன் வெறும் கூலி, அவ்வளவுதான். 1860 நவம்பரில் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் கொண்டுவந்த முதல் கூட்டத்தின் வாரிசுகள் ஆசிரியராக, குமாஸ்தாவாக, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக மேலே வந்தபோது, முதலில் வாங்கியது கோட்டும் டையும். டர்பன் குடும்பங்களின் பழைய போட்டோக்களைப் பாருங்கள். பிப்ரவரி மாதப் புழுக்கத்தில் மூன்று அடுக்கு உடுப்பு, கையில் தொப்பி, முகத்தில் ஒரு கடுகடுப்பு. அந்தக் கடுகடுப்பில் பாதி கழுத்துப் பட்டையால் வந்தது என்று நினைக்கிறேன். அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. நடமாட அனுமதிச்சீட்டு கேட்கும் பாஸ் சட்டம், குடியிருப்புச் சட்டம், எந்த பெஞ்சில் உட்காரலாம் என்ற சட்டம் எல்லாம் இருந்த நாட்டில், இஸ்திரி போட்ட சட்டை ஒன்றுதான் ஒருவர் தன் கையால் செய்துகொள்ளக்கூடிய பதில்.

அரைக்கால் சட்டை ஒரு தண்டனை

இன்று சனிக்கிழமை எந்த மாலுக்குப் போனாலும் எல்லா நிறத்து ஆண்களும் அரைக்கால் சட்டையில் திரிகிறார்கள். 1964இல் இது இன்னொரு பொருள் தந்தது. நிறவெறி அரசு தொடுத்த ரிவோனியா வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று ராபன் தீவுச் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில், மண்டேலா உள்ளிட்ட ஆப்பிரிக்கர்களுக்கு அரைக்கால் சட்டை கொடுத்தார்கள். கூடவே போன அகமது கத்ராடாவுக்கு, அவர் இந்தியர் என்பதால், முழுக்கால் சட்டை. சிறைக்குள்ளும் இனவாரியாகத் துணி. கருப்பு ஆண் எத்தனை வயதானாலும் "பையன்" என்பதுதான் அந்த அரைக்கால் சட்டையின் செய்தி. மண்டேலா அதை எதிர்த்துப் போராடினார்.

காற்றோட்டமான உடை, வேலைக்கு வசதியான உடை என்றெல்லாம் அதை யாராவது விளம்பரம் செய்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? அதே துணி, அதே நீளம். தானாக எடுத்துப் போட்டால் சௌகரியம், அடுத்தவன் மாட்டிவிட்டால் அவமானம். ஃபேஷன் பத்திரிகைகள் சௌகரியத்தைத் துணியின் குணமாகவே எழுதுகின்றன. அதில் எனக்கு உடன்பாடில்லை.

இதே மண்டேலாதான் முப்பது வருடம் கழித்து இந்த நாட்டின் மரியாதை உடையையே மாற்றிவைத்தார். 1950களில் ஜோகன்னஸ்பர்க்கில் வக்கீலாக இருந்தபோது அளவெடுத்துத் தைத்த சூட்டுக்குப் பெயர்போனவர். 1962 வழக்கில் சிறுத்தைத் தோல் போர்த்தி நீதிமன்றத்துக்கு வந்தார். 1994 மே மாதம், முதல் ஜனநாயக நாடாளுமன்றத்தின் திறப்பு விழா ஒத்திகைக்கு, டெஸ்ரே புயர்ஸ்கி என்ற கேப் டவுன் வடிவமைப்பாளர் பரிசளித்த பாத்திக் சட்டையில் போய் நின்றார். பாத்திக் மேல் அவருக்கு ஆசை அதற்கு முன்பே உண்டு. 1990இல் இந்தோனேசியா போனபோது அங்கே தலைவர்கள் டை இல்லாமல், சட்டையை வெளியே விட்டபடி அரசு விழாவுக்கு வருவதைப் பார்த்திருந்தார்.

மண்டேலாவின் குலப்பெயரால் மடிபா சட்டை என்று பெயரே வந்துவிட்ட அந்த உடையின் தையல் நுணுக்கத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். சட்டை வெளியே விடப்படும், ஆனால் அடிப்பகுதி நேராக வெட்டப்பட்டிருப்பதால் கசங்கி வெளியே வந்தது போலத் தெரியாது. டை கிடையாது, ஆனால் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். பட்டு, அழகான அச்சு, இஸ்திரி மடிப்பு. உடம்புக்குத் தளர்வு, பார்க்கிறவருக்கு மரியாதை, இரண்டும் ஒரே சட்டையில். சௌகரிய உடையில் ஜெயித்தவை பலவும் இந்த இரட்டை வேலையைத்தான் செய்கின்றன. பேராயர் டெஸ்மண்ட் டுட்டு அந்தப் பளபளப்பைக் கிண்டலடிக்க, கவுன் போட்டுத் திரிகிறவர் இதைச் சொல்வதா என்று மண்டேலா திருப்பிக் கொடுத்தது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. 1995 ஜூன் 24 அன்று எல்லிஸ் பார்க் மைதானத்தில் ரக்பி உலகக் கோப்பை இறுதியாட்டத்துக்கு அவர் தென்னாப்பிரிக்க அணியின் ஆறாம் எண் ஸ்பிரிங்பாக் ஜெர்சியோடு வந்தார். ஒரு நாட்டின் அதிபர் விளையாட்டுச் சட்டையில் கோப்பை வழங்கியதை யாரும் குறையாகப் பார்க்கவில்லை, கண்ணீர் விட்டார்கள்.

டர்பன் தமிழ்க் கல்யாணங்களில் இதன் பலனை நன்றாகவே பார்க்கலாம். அதுவரை ஆண்களுக்கு இருந்த வழி இரண்டு: வெந்துபோகிற சூட், இல்லாவிட்டால் பழக்கம் விட்டுப்போன வேட்டி. நடுவில் இந்தச் சட்டையும் குர்த்தாவும் வந்து சேர்ந்தன. மாமாக்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

ஒரே மாதத்தில் இரண்டு வேஷம்

அலுவலகங்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது உலகம் முழுக்க ஒரே மாதிரிதான் நடந்தது. ஹவாயில் 1960களில் வெள்ளிக்கிழமை பூப்போட்ட சட்டைக்கு அனுமதி கொடுத்தார்கள். 1986இல் லீவைஸ் நிறுவனம் டாக்கர்ஸ் என்ற காக்கிப் பேண்டைக் கொண்டுவந்தது. 1992இல் அதே நிறுவனம் அலுவலகத்துக்கு எப்படி இயல்பாக உடுத்துவது என்று ஒரு கையேடு அச்சடித்து அமெரிக்க நிறுவனங்களின் பணியாளர் துறைகளுக்கு ஆயிரக்கணக்கில் அனுப்பியது. வெள்ளிக்கிழமைத் தளர்வு ஒரு மக்கள் எழுச்சி என்று நினைப்பவர்கள், அதன் பின்னால் பேண்ட் விற்கிறவர்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் இதற்கு ஒரு தனி அம்சம் சேர்ந்தது. 1995 முதல் ஒவ்வொரு செப்டம்பரிலும் முதல் வெள்ளிக்கிழமை கேஷுவல் டே. மாற்றுத்திறனாளிகள் நலனுக்காக ஒரு ஸ்டிக்கர் வாங்கி ஒட்டிக்கொண்டால் அன்று இஷ்டம்போல உடுத்திக்கொண்டு வேலைக்கு வரலாம். வங்கி கவுண்டரில் ஜீன்ஸைப் பார்ப்பது அப்போது புதிது. தர்மம் என்ற பெயரில் வந்ததால் கண்டிப்பான மேலாளரும் தடுக்க முடியவில்லை.

அதே செப்டம்பர் 24 பாரம்பரிய தினம். எங்கள் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் அது முன்பு சூலு மன்னர் ஷாகாவின் தினமாக இருந்தது. அதையொட்டிய வாரத்தில் அலுவலகத்துக்கு அவரவர் பாரம்பரிய உடையில் வருவார்கள். சூலுப் பெண்கள் மணிமாலையோடு, தமிழ்ப் பெண்கள் பட்டுப் புடவையோடு. மூன்று வார இடைவெளியில், முதலில் யாராகவும் தெரிய வேண்டாம் என்று ஓர் உடை, அப்புறம் யார் என்று உரக்கச் சொல்ல ஓர் உடை. இரண்டையும் விடுமுறைபோல ஒதுக்கிவைத்துவிட்டு மீதி நாளெல்லாம் என்ன உடுத்துவது? மீதி நாளில்தான் உண்மையான மாற்றம் நடந்தது.

அதிலும் பெண்களின் உடையில். 1960களில் டர்பன் இந்தியக் குடும்பங்களிலிருந்து பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். காலை பஸ்ஸைப் பிடித்து, நாள் முழுக்கத் தையல் மெஷின் முன்னால் உட்காரப் புடவை ஒத்துவருமா? ஃபிராக்கும் பாவாடை சட்டையும் வந்தன, பிறகு ஸ்லாக்ஸ். புடவை மெதுவாகக் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் நகர்ந்தது. பிறகு சல்வார் கமீஸ் வந்து இடையில் புகுந்தது. இங்கே அதைப் பஞ்சாபி என்றுதான் சொல்வோம். தமிழ் வீட்டுப் பிரார்த்தனைக்கு வரும் பெண்களில் பாதிப் பேர் பஞ்சாபியில் இருப்பார்கள். மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றும் நாளில், பெரிய பானைக்குப் பக்கத்தில் குனிந்து நிமிர அதுதான் வசதி. இதை ஒரு வடநாட்டு ஊடுருவலாகப் பார்த்துக் கோபப்படுகிறவர்கள் உண்டு. கோபப்படுகிறவர்கள் ஆறு கஜத்தோடு அந்தப் பானையைக் கிண்டியிருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை.

வீட்டு உடையைப் பற்றிப் பேசினால் நைட்டியைத் தவிர்க்க முடியாது. தமிழ்நாட்டில் நைட்டி மேல் துண்டு போட்டால் தெருமுனை வரை போகலாம் என்பது எழுதாத சட்டம். டர்பனில் அந்த இடத்தில் கவுன். ஆயா கவுனும் ஸ்லிப்பருமாகக் கேட் வரை வந்து பக்கத்து வீட்டாரோடு அரைமணி நேரம் பேசிவிட்டுப் போவார். ஆனால் அவரே, பேரன் கிழிசல் ஜீன்ஸில் கோயிலுக்குக் கிளம்பினால், "என்னப்பா, துணி வாங்கக் காசு இல்லையா?" என்று நிறுத்திவிடுவார். தளர்வுக்கு எல்லைக்கோடு இருக்கிறது, ஆனால் அது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு இடத்தில். 2018இல் ஆந்திராவில் தோகலபள்ளி என்ற கிராமத்தில், பகலில் நைட்டியோடு வெளியே வரும் பெண்களுக்கு 2,000 ரூபாய் அபராதம் என்று ஊர்ப் பெரியவர்கள் தீர்மானம் போட்டார்கள். லுங்கியைத் தொடைக்கு மேல் மடித்துக்கட்டி நடக்கும் ஆண்களுக்கு எந்த ஊரிலும் இப்படி அபராதம் போட்டதாகக் கேள்விப்பட்டதில்லை. பெண்களின் சௌகரிய உடை பற்றிய பேச்சு எப்போதும் கொஞ்சம் சூடாகவே இருப்பதற்கு இதுதான் காரணம்.

நீண்டு கொடுக்கும் துணி, மூடிய கதவு

துணியின் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது, அதை விடக் கூடாது. கோட்டு, முழுக்கைச் சட்டை எல்லாம் நெசவுத் துணி. குறுக்கு இழையும் நெடுக்கு இழையும் பின்னி இறுகியிருப்பதால் அது உடம்புக்கு வளைந்து கொடுக்காது. அதனால்தான் கழுத்து, தோள், கை என்று தனித்தனி அளவு தேவைப்படுகிறது. டி-ஷர்ட், டிராக் பேண்ட் எல்லாம் பின்னல் துணி. நூல் வளையம் வளையமாகக் கோத்திருப்பதால் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். 1958இல் டூபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்த எலாஸ்டேன் இழை, லைக்ரா என்று நமக்குத் தெரிந்தது, இதைப் பல மடங்கு ஆக்கியது. ஒரு ஜீன்ஸில் அந்த இழை நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்ந்தாலே உட்கார்ந்து எழுவதில் வித்தியாசம் தெரியும்.

வாங்குகிறவருக்கு இது நிம்மதி. விற்கிறவருக்கு இது லாபம். சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று நான்கு அளவு வைத்தால் ஊரே அடங்கிவிடும். ஆன்லைனில் போட்டுப் பார்க்காமல் வாங்கலாம், அளவு சரியில்லை என்று திரும்பி வருவதும் குறைவு. நல்ல கோட்டு ஒன்றுக்குப் பல துண்டுகள், உள்துணி, தோள்பட்டை எல்லாம் சேர்த்துக் கைதேர்ந்த தையல் வேண்டும். டி-ஷர்ட்டுக்கு அவ்வளவு கைத்திறன் வேண்டாம். அதாவது, உலகத்தில் எங்கே கூலி குறைவோ அங்கே சுலபமாக நகர்த்திவிடலாம்.

டர்பனுக்கு இங்கேதான் அடி விழுந்தது. 1994க்குப் பிறகு தென்னாப்பிரிக்கா சந்தையைத் திறந்து இறக்குமதி வரியைக் குறைத்தபோது சீனத்திலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் மலிவான உடை வந்து குவிந்தது. டர்பனிலும் கேப் டவுனிலும் ஆயத்த ஆடை ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. பல்லாயிரம் பேருக்கு வேலை போனது, அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நம் அம்மாக்களும் அத்தைகளும் அதில் நிறைய. 2007, 2008 இரண்டு வருடமும் சீனத் துணிக்கு அளவுக் கட்டுப்பாடு வைத்துப் பார்த்தார்கள். இப்போது இறக்குமதி ஆடைக்கு வரி 45 சதவீதம். 2019இல் அரசு, கடைகள், ஆலைகள், சங்கம் எல்லாம் சேர்ந்து உள்ளூர்த் தயாரிப்பை உயர்த்த ஒரு பெருந்திட்டத்தில் கையெழுத்திட்டன. அதற்குள் வெளிநாட்டு ஆப்கள் சின்னச் சின்னப் பார்சலாகவே அனுப்பக் கற்றுக்கொண்டுவிட்டன. 2024இல் அந்தப் பார்சல்களுக்கும் வரியை இறுக்கினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்த நாட்டின் பெரிய மலிவு விலை ஃபேஷன் சங்கிலிகளில் ஒன்றான மிஸ்டர் பிரைஸ் 1985இல் தொடங்கியது, அதன் தலைமையகம் டர்பனில்தான். தளர்வான சட்டையின் வியாபாரம் ஊரில் தங்கியது, அதைத் தைத்த பல கைகள் வெளியே போயின. காந்தி காலத்தில் சுரங்க வேலைநிறுத்தம் வெடித்த அதே நியூகாசிலில் பிறகு ஆடை ஆலைகள் பெருகின. அங்கே குறைந்தபட்சக் கூலி கொடுப்பதா, ஆலையை மூடுவதா என்ற சண்டை பல வருடம் நடந்தது. நூறு ராண்டுக்கு ஒரு டி-ஷர்ட் சௌகரியமாக இருக்கிறது என்று நாம் சொல்லும்போது இதையெல்லாம் சேர்த்துத்தான் உடுத்துகிறோம்.

யாருக்கு அனுமதி?

அந்தப் பரீட்சை ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. கேள்வித்தாள் மாறியிருக்கிறது. 2014இல் ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், மிலான் நகரத்து ஆடம்பரக் கடை ஊழியர்களிடம் கேட்டார்கள்: ஜிம் உடையில் ஒரு பெண் வருகிறார், நல்ல உடையும் ஃபர் கோட்டுமாக இன்னொருவர் வருகிறார், யார் பெரிய வாடிக்கையாளர்? ஜிம் உடைக்காரர் என்றார்கள். கவலைப்படாமல் வருகிறவரிடம் காசு இருக்கும் என்பது அவர்கள் அனுபவம். கோடீஸ்வரத் தொழிலதிபர்கள் சாம்பல் நிற டி-ஷர்ட்டில் மேடையேறுவதன் சூட்சுமமும் இதுதான்.

ஆனால் அந்தச் சூட்சுமம் எல்லோருக்கும் பலிக்காது. ஹூடி போட்ட ஒரு சாட்ஸ்வொர்த் பையனோ, கருப்பர் குடியிருப்பான குவாமாஷுவின் பையனோ, வசதியானவர்கள் பகுதியான அம்லாங்காவில் உள்ள பெரிய மாலுக்குள் நுழைந்தால் காவலாளியின் பார்வை கூடவே வரும். அதே ஹூடியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி முதலாளி போனால் காபி வேண்டுமா என்று கேட்பார்கள். தளர்வாக உடுத்துவதற்கும் முன்பணம் கட்ட வேண்டியிருக்கிறது. அந்தப் பணம் சில சமயம் நிறம், சில சமயம் பேச்சு, சில சமயம் கையில் இருக்கும் கார் சாவி.

ஏழைக் குடியிருப்புகளின் இளைஞர்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டு தங்கள் வழியில் பதில் சொன்னார்கள். பன்ட்சுலா என்ற தெரு நடனம் ஆடுகிறவர்கள் கன்வர்ஸ் ஆல் ஸ்டாரையும் டிக்கீஸ் பேண்டையும் சின்னத் தொப்பியையும் தேய்த்துத் துடைத்து, கத்தி மடிப்பு வைத்து உடுத்துவார்கள். உடை கேஷுவல்தான், ஆனால் அதில் ஒரு கசங்கல் இருக்காது. டாக்கீஸ் என்று இங்கே சொல்லும் கேன்வாஸ் ஷூவைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் வெளுப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சடங்கு. 2015இல் ஜோகன்னஸ்பர்க்கின் அலெக்சாண்ட்ரா குடியிருப்பிலிருந்து தியோ பலோயி தொடங்கிய பாத்து என்ற ஷூ பிராண்ட் இந்தப் பெருமையை நம்பித்தான் வளர்ந்தது. எங்கள் ஊர் இளைஞர்களும் அப்படித்தான். தைப்பூசக் காவடிக்கு மஞ்சள் வேட்டி, வெறுங்கால். மறுநாள் மாலுக்குப் போனால் வெள்ளை டாக்கீஸில் ஒரு புள்ளி இருக்கக் கூடாது.

நாடாளுமன்றமும் தப்பவில்லை. 2014இல் உள்ளே வந்த பொருளாதார சுதந்திரப் போராளிகள் கட்சி உறுப்பினர்கள் சிவப்பு ஓவராலிலும் வீட்டு வேலைப் பெண்களின் சீருடையிலும் பதவியேற்றார்கள். அவர்கள் அரசியல் எனக்குப் பல இடங்களில் ஒப்பவில்லை, அந்த ஓவராலைக் கண்டு சிலர் முகம் சுளித்ததும் ஒப்பவில்லை. நாட்டில் எத்தனையோ பேர் திங்கட்கிழமை காலை மாட்டிக்கொண்டு போகும் உடைதானே அது?

அழைப்பிதழ்களில் இப்போது ஸ்மார்ட் கேஷுவல் என்று போடுகிறார்கள். சூட் என்று எழுதியிருந்த காலத்தில் ஒருவரிடம் சூட் இருந்தது, அல்லது கடன் வாங்கினார். இப்போது அண்ணன்மார் மூன்று பேர் போனில் பேசி, காலர் வேண்டுமா, ஜீன்ஸ் போகலாமா, ஷூ வெள்ளையாக இருக்கலாமா என்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. விதி எழுதப்பட்டிருந்தால் வெளியூர்க்காரனும் படித்துத் தெரிந்துகொள்வான். எழுதாத விதி உள்ளூர்க்காரனுக்குத்தான் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் இது இன்னும் வெளிப்படை. தென்னாப்பிரிக்காவில் பெரும்பாலான பள்ளிகளில் யூனிஃபார்ம்தான். பிளேசர் வாங்கும் செலவைப் பற்றிப் பெற்றோர் புலம்பாத ஜனவரி இல்லை. வருடத்தில் சில நாள் மட்டும் சிவ்விஸ் டே, கொஞ்சம் காசு கட்டிவிட்டு விருப்ப உடையில் வரலாம். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம் என்று நினைத்தால், அதற்கு முந்தைய இரவு பல வீடுகளில் சண்டை. எல்லோரும் ஒரே சாம்பல் கால்சட்டையில் இருந்தவரை யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாது. சௌகரியமாக உடுத்திக்கொண்டு வா என்று சொன்ன அன்று ஒவ்வொரு காலிலும் எந்த பிராண்ட் டாக்கீஸ் என்று முழு வகுப்பும் குனிந்து பார்க்கிறது. இந்தத் தொல்லை வேண்டாம் என்று, அன்றைக்கு எல்லோரும் ஒரே வண்ண டி-ஷர்ட்டில் வரட்டும் என்று சொல்லும் பள்ளிகளும் உண்டு. அதற்கும் ஒரு டி-ஷர்ட் வாங்கத்தான் வேண்டும்.